எட்டாம் படுக்கையின் மாத்திரை

மருந்து வண்டியில் ஒட்டியிருந்த நோயாளிகளின் பார்கோடு பட்டைகளில் ஒன்றை ஸ்கேன் செய்தேன். கருவியில், மாத்திரை சரி என்று பச்சை விளக்கு எரிந்தது. மாத்திரையை ஏழாம் படுக்கை அம்மாவிடம் நீட்டினேன்.

அவர் என் கையைத் தட்டிவிட்டார். "பட்டை என் கையில கட்டியிருக்கு. நீ வண்டியை ஸ்கேன் பண்றே. மாத்திரையை வண்டியா முழுங்கப் போகுது?"

அவர் மணிக்கட்டை ஸ்கேன் செய்தேன். சிவப்பு விளக்கு. அது எட்டாம் படுக்கைக்காரரின் மாத்திரை. வண்டியில் இரண்டு பட்டைகளுக்கும் ஒரு விரல் இடைவெளிதான்.

கட்டிலருகே நின்ற அந்த அம்மாவின் கணவர் எகிறினார். "நேத்துதான் ஆபரேஷன் ஆச்சு, கொல்லப் பாக்குறியா? எல்லார் பட்டையையும் வண்டியில ஒட்டி வெச்சுக்கச் சொல்லி யாரு சொல்லிக் குடுத்தா?"

"விடுங்க, சின்னப் பொண்ணு" என்றார் அந்த அம்மா, சட்டென்று குரலைத் தணித்து.

"நீ சும்மா இரு. யாருன்னு சொல்லும்மா, அவங்க சீட்டைக் கிழிச்சிடறேன்."

தப்பு என்னுடையதும்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆறு மாதம் ஒவ்வொருவர் கையாகப் பிடித்து ஸ்கேன் செய்ததற்கு எனக்குக் கிடைத்த பெயர் 'ஆமை'. அந்தக் கோபத்தில் சொல்லிவிட்டேன்.

"தலைமை நர்ஸ், சார். கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னா வேலை ஓடாதுன்னு அவங்கதான் ஒட்டிக் குடுத்தாங்க."

"எந்தத் தலைமை..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தி, மெதுவாகக் கட்டில் பக்கம் திரும்பினார்.

முந்தாநாள் வரை இதே வார்டில் எங்களை விரட்டி வேலை வாங்கிய அவர் மனைவி, போர்வையைத் தலை வரை இழுத்துக்கொண்டார்.

பட்டை கட்டிய கை மட்டும் போர்வைக்கு வெளியே என்னை நோக்கி நீண்டிருந்தது.