படுக்கையறைக் கதவு

வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று டாக்டர் கேட்டபோது அவள் மருமகளைத்தான் பார்த்தாள்.

வினோதினி அவள் தோளில் கை வைத்திருந்தாள். இரண்டு நாளாக பனியன் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு இந்தக் கட்டிலடியிலேயே கிடக்கிறாள். முகம் சுளிக்காமல் துடைத்துவிடுகிறாள். இவளை எப்படிக் குறை சொல்வது?

"பிரஷர் மாத்திரை ஒண்ணுதானுங்க சார். நாந்தான் எடுத்துக் குடுக்கறேன்," என்றாள் வினோதினி.

சிறுநீர் அடைத்துக்கொண்டதால் ஆஸ்பத்திரிக்கு வந்ததும் போட்ட டியூபைக் காலையில் எடுத்துவிட்டார்கள். சிறுநீர் இறங்க ஒரு மாத்திரை கொடுத்தார்கள். நர்ஸ் குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர்ச் சத்தம்கூடக் கேட்க வைத்தாள்.

ஒரு சொட்டு வரவில்லை. அடிவயிறு கல்லாகக் கிடந்தது.

டாக்டர் நல்ல மனிதர். பொறுமையாகச் சொன்னார். இவர் கொடுப்பது வழியைத் திறக்கிற மாத்திரை. அடக்கி வைக்கிற மாத்திரை எதையாவது கூடவே விழுங்கினால் இது என்ன செய்யும்? தெரியாமல் சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை, நிறுத்தினால் சரியாகிவிடும்.

அந்த மாத்திரை அட்டை வயர் கூடையில், மாற்றுச் சேலைக்கு அடியில் இருந்தது.

வாடகை வீடு. இருப்பது ஒரே கழிப்பறை. அதுவும் மகனும் மருமகளும் படுக்கிற அறைக்குள்.

ராத்திரியில் அந்தக் கதவைத் தட்ட வேண்டும். முதலில் தட்டிக்கொண்டுதான் இருந்தாள். மகன் எழுந்து வந்து திறப்பான். யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஒருநாள் தட்டியபோது, உள்ளே வளையல் சத்தம் சட்டென்று நின்றது.

மகன் கதவைத் திறக்க நேரமானது. அவளுக்கு உயிரே போய்விட்டது.

மறுநாள் மெடிக்கலுக்குப் போய், ராமேஸ்வரம் டூர் போகிறேன், பஸ்ஸில் அடக்கிக்கொள்ள ஏதாவது கொடுங்கள் என்று வாய் கூசாமல் பொய் சொன்னாள். அன்றிலிருந்து சாயங்காலம் ஒன்று. மாத்திரை விசுவாசமாக வேலை செய்தது.

நேற்றும் ஒன்று போட்டுக்கொண்டாள். எந்த நேரத்திலும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களே.

இப்போது சொல்லிவிடலாம். சொன்னால் எதற்கு வாங்கினாய் என்று கேட்பார்கள். வினோதினி கேட்டுக்கொண்டிருப்பாள்.

"வேற ஒண்ணுமில்லீங்க," என்றாள்.

டாக்டர் பெருமூச்சு விட்டார். அப்படியானால் டியூபை மறுபடி போட்டு, பையோடுதான் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்றார். எத்தனை நாளைக்கு என்று அவருக்கே தெரியவில்லை.

வினோதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். நர்ஸ் திரையை இழுத்தாள்.

"ஏனுங்கம்மணி, இதைப் போட்டுட்டா ராத்திரி எந்திரிக்க வேண்டியதில்லீங்களே?"

"எதுக்குங்கம்மா எந்திரிக்கறீங்க? படுத்த எடத்துலயே பையில எறங்கிரும்."

நர்ஸ் சொல்வதற்கு முன்பே அவள் முழங்கால்களை மடக்கி அகற்றிக்கொண்டாள்.