ஜன்னலோரக் கட்டில்

"டாக்டர், கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க. தம்பியோட முதல் வார்த்தை எங்க காதுலதான் விழணும்!"

மைக் அக்கா சொன்னதும் வார்டே திரும்பிப் பார்த்தது. மைக் இல்லாமலே தெருமுனை வரை கேட்கும் குரல் என்பதால் சபையில் அவருக்கு அந்தப் பெயர். அவருக்குப் பின்னால் ஜெபக்குழு மொத்தமும் கட்டிலைச் சூழ்ந்து நின்றது. கிட்டார்க்காரர் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். ஃபிளாஸ்க்காரர் சூப் ஃபிளாஸ்க்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எட்டி எட்டிப் பார்த்தார்.

"நான் தள்ளி நின்னா தாடைக் கம்பியை யாரும்மா வெட்டுறது?" என்றார் டாக்டர்.

"சரி, வெட்டுங்க. ஆனா வாயைத் திறந்ததும் 'ஸ்தோத்திரம்'னுதான் சொல்லுவாரு. என்ன பந்தயம்?"

"நாம பந்தயம் கட்டலாமாக்கா?" என்றார் கிட்டார்க்காரர்.

"ஜெயிக்கிற பந்தயம் கட்டலாம்!"

எல்லோரும் சிரித்தார்கள். கட்டிலில் இருந்தவரோ டாக்டர் கையிலிருந்த குறட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தாடை உடைந்து, மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்துக் கம்பி கட்டி, வலது கையிலும் காலிலும் மாவுக்கட்டுப் போட்டுக் கிடந்தவர் அவர். வாய் திறக்கும் நாள் எப்போது வரும் என்று ஏங்கியவர்தான். இன்றைக்கு அது வந்து நின்றதும், கம்பி இன்னும் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று தோன்றியது.

ஏனென்றால், இவர்கள் தேடி வந்த ஆள் அவர் இல்லை.

ஏணியிலிருந்து விழுந்த ஒரு தச்சர், ஜன்னலோரக் கட்டிலில் பார்க்க ஆளில்லாமல் கிடக்கிறார் என்று சபையில் யாரோ சொன்னார்கள். முகம்கூடத் தெரியாத அவருக்காகக் கிளம்பி வந்த கூட்டம் இது. தச்சரோ அன்று மத்தியானமே வீட்டுக்குப் போய்விட்டார். காலியான கட்டிலில், லாரி கவிழ்ந்து அடிபட்ட இந்த டிரைவரைக் கொண்டுவந்து படுக்கவைத்தார்கள். சாயங்காலம் மைக் அக்கா வந்தார். "தச்சரே, கவலையே படாதீங்க!" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். ஜெபத்துக்கென்று மூடிய கண்ணை அவர் லேசில் திறக்கமாட்டார்.

டிரைவர் தலையை இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்தார். "பாவம், ரொம்ப வலிக்குது போல" என்று இன்னொரு பாட்டும் சேர்த்துப் பாடினார்கள்.

வீடு, மனைவி, மக்கள் என்று ஒன்றுமில்லாமல் சாலையிலேயே காலத்தை ஓட்டியவர் அவர். தனக்காக இன்னொருவர் அழுது அவர் பார்த்ததில்லை. கூட்டம் போன பிறகு, மல்லாந்து கிடந்தவரின் கண்ணீர் காதுக்குள் வழிந்தது. மறுநாள் அவர் தலையை ஆட்டவில்லை.

மறுநாளிலிருந்து 'தச்சரே' போய், உரிமையோடு 'தம்பி' வந்துவிட்டது. ஃபிளாஸ்க்காரரும் அன்றிலிருந்துதான் வர ஆரம்பித்தார். வந்ததும் வராததுமாகக் குனிந்து, கட்டில் காலுக்கு அடியில் ஒரு மரத்துண்டைச் செருகினார். ராத்திரியெல்லாம் ஆடித் தூங்கவிடாமல் பாடாய்ப் படுத்திய கட்டில் கப்சிப் என்று ஆகிவிட்டது. வாய் திறந்து சொல்ல முடியாத அவஸ்தை இந்த மனுஷனுக்கு எப்படித் தெரிந்தது என்று டிரைவர் அசந்துபோனார்.

அப்புறம் தினமும் சூப், பாட்டு, ஜெபம். கொஞ்ச நாளில் டிரைவரும் 'ம்ம்ம்' என்று கூடச் சேர்ந்து பாடினார். தனியாக இருக்கும்போதும் மனதுக்குள் ஜெபித்தார். 'ஆண்டவரே, தாடை எப்ப வேணா சரியாகட்டும். இவங்க வராம மட்டும் போயிடக்கூடாது' என்பதுதான் அந்த ஜெபம். ஆனால் ஆண்டவரிடம் தினமும் பேசிப் பழகிய பிறகு, தச்சர் வேஷம் போட்டுக்கொண்டு படுத்திருக்க அவருக்கு மனசு கேட்கவில்லை. உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான்.

டக். டக். கம்பி வந்துவிட்டது.

"மெதுவாப் பேசுங்க" என்றார் டாக்டர். மைக் அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"அக்கா... நான்... தச்சர் இல்லக்கா" என்றார் டிரைவர். "லாரி டிரைவர். நீங்க தேடி வந்த ஆள் வேற."

கிட்டார் நின்றது. டிரைவர் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

"அட, தெரியும் தம்பி!"

கண்ணைத் திறந்தால், மொத்தக் கூட்டமும் சிரித்துக்கொண்டிருந்தது.

"தெரியுமா?"

"முதல் நாளே, வெளியில போறப்ப நர்ஸம்மா சொல்லிட்டாங்க. பார்க்க ஆளில்லாதவர்தானே வேணும்? அதுல நீங்க பாஸ் ஆயிட்டீங்க!" என்றார் அக்கா. "ஆனாலும் பந்தயத்துல கவுத்துட்டீங்களே தம்பி!"

டிரைவர் அழுதார், சிரித்தார், தாடையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். "ஸ்தோத்திரம்!" என்று வார்டே கேட்கும்படி சொன்னார். அக்கா கைதட்டினார். சட்டென்று டிரைவரின் முகம் வாடியது.

"அப்போ அந்தத் தச்சர்? பாவம், அவருக்கு வந்ததையெல்லாம் நான் வாங்கிக்கிட்டேனே!"

"அன்னைக்கே அவர் வீட்டையும் கண்டுபிடிச்சுப் போயிட்டோமே" என்று சொல்லிவிட்டு, அக்கா பின்னால் திரும்பிப் பார்த்தார்.

ஃபிளாஸ்க்காரர் முன்னால் வந்து சூப்பைக் கோப்பையில் ஊற்றினார். அன்றுதான் முதல்முறையாக, உறிஞ்சு குழாய் இல்லாமல் அதை நீட்டினார்.

"அவருக்கு நல்லாயிடுச்சுண்ணே. முகம் தெரியாத தனக்காக இத்தனை பேர் மாடி ஏறி வந்தாங்கன்னு கேட்டதும், அந்த நன்றியை எங்க கொண்டுபோய் வைக்கிறதுன்னே அவருக்குத் தெரியல. குடிங்க, ஆறிடப்போகுது."

டிரைவர் கோப்பையை வாங்காமல் அவரையே பார்த்தார். ஃபிளாஸ்க்காரர் காலால் அந்த மரத்துண்டை ஒரு தட்டுத் தட்டி, சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

"உங்களுக்கு முன்னால நான் படுத்திருந்த கட்டிலுண்ணே இது... ஆடும்னு எனக்குத் தெரியாதா?"