டாக்டரின் விரல்

உலகத்தின் எந்த மூலையில் புது ஆய்வு வந்தாலும் நர்ஸ் எமல்டாவின் காதுக்கருவி உடனே சொல்லிவிடும். "கையைக் கட்டிப்போட்ட நோயாளிகள் வாந்தியெடுத்தால் புரள முடியாமல் மூச்சடைத்துச் சாகிறார்கள். கட்டாதீர்கள்" என்றது அன்று காலை.

மூக்கு டியூபைப் பிடுங்கிவிடுவார் என்று கட்டிலோடு கை கட்டப்பட்டிருந்த தாசையன் அவளிடம் முனகினார். "அவுத்து விடு, மக்களே."

அந்தக் கட்டின் இரும்புப் பூட்டு டாக்டரின் கைரேகைக்குத்தான் திறக்கும். எமல்டா அவருக்குப் போன் செய்தாள்.

"ஆய்வு சரிதான் சிஸ்டர். நம்ம ஆஸ்பத்திரி விதி மாறட்டும், அவுத்துருவோம்."

மதியம் தாசையனுக்கு வாந்தி வந்தது. எமல்டா அவர் தலையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு கத்தினாள். டாக்டரின் விரல் வந்து சேர்வதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

அவர் கண்களை அவள் மூடிவிட்டபோது காதுக்கருவி பேசியது. "காலையில் சொன்ன ஆய்வு மேலும் உறுதியாகியிருக்கிறது. புதிய சான்று உங்கள் வார்டிலிருந்து வந்தது. நன்றி, சிஸ்டர்."