ஐசியூதான் வேணும்

செல்வம்மாள் டாக்டரின் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. மீன் வெட்டிக் காய்ப்பேறிய கை அது, உடும்புப் பிடி.

"ஐசியூல போடுங்க டாக்டரம்மா. வேற எங்க போட்டாலும் நான் ஒத்துக்கிட மாட்டேன்."

கட்டிலில் டயானா தலைக்கட்டோடு சுருண்டு படுத்திருந்தாள். காலையில் அக்கரையிலுள்ள பாம்பூஃப்ளாட்டிலிருந்து ஃபெர்ரியில் அவளைத் தோளில் சாய்த்துக் கூட்டி வந்தது செல்வம்மாள்தான். என்ன ஆச்சு என்று கேட்டவர்களிடமெல்லாம், படியில் வழுக்கிவிட்டது என்று டயானா சொல்லிக்கொண்டே வந்தாள். செல்வம்மாள் வாயைத் திறக்கவில்லை. டாக்டரைக் கண்ட பிறகுதான் திறந்தாள்.

"வழுக்கலம்மா. கட்டுனவன் தலைமுடியப் பிடிச்சுச் சுவத்துல மோதுனான். என் கண்ணால பாத்தேன்."

டாக்டர் உமா மகேஸ்வரி திரையில் ஸ்கேன் படத்தைக் காட்டினார். மண்டையோட்டுக்கு உள்பக்கம் ஓரமாக நகக்கீறல் போல ஒரு வெள்ளைக் கோடு. ரத்தம் கசிந்திருப்பது உண்மைதான். ஆனால் சின்னக் கசிவு. எலும்பு உடையவில்லை, பேச்சில் தெளிவு இருக்கிறது, கை கால் சரியாக அசைகிறது, ரத்தத்தை இளக்கும் மாத்திரை எதுவும் சாப்பிடுகிறவளும் இல்லை.

ஆகவே வார்டிலேயே நர்ஸின் கண்ணெதிரே படுக்கவைத்து, அடிக்கடி எழுப்பிப் பேச்சுக் கொடுத்துப் பார்த்து, நாளைக்கு இன்னொரு ஸ்கேன் எடுத்தால் போதும் என்றார் டாக்டர். ஐசியூவில் ஒரு கட்டில்தான் காலி. அது, நினைவு தப்பி வருகிறவர்களுக்கு வேண்டும்.

"அப்ப இந்தத் தீவ விட்டு மெயின்லேண்டுக்கு அனுப்புங்க. பிளேன்ல, சென்னைக்கு."

"உங்க பொண்ணுக்கு அவ்வளவு மோசமில்லம்மா. அதுக்குச் சந்தோஷப்படுங்க."

செல்வம்மாளுக்குச் சந்தோஷம் வரவில்லை.

போன தடவை டயானாவுக்குக் கை முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டு அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஸ்டேஷனில் அவனை ஒரு அதட்டு அதட்டி, பொழுது சாயும் முன்னே விட்டுவிட்டார்கள். வரும்போது பெண்டாட்டிக்கு ஜிலேபி வாங்கி வந்தான். அதிலிருந்து அவர்கள் மீன்பிடிக் கரையில் எல்லோரும் சேர்ந்து ஒரு சட்டமே எழுதி வைத்திருந்தார்கள். வார்டில் படுத்தால் சின்ன கேஸ். ஐசியூவில் படுத்தால் பெரிய கேஸ். மெயின்லேண்டுக்குப் பிளேன் ஏறிவிட்டால் அடித்தவனுக்கு ஜாமீனே கிடையாது.

"அவன் உள்ள கிடக்கணும் டாக்டரம்மா," என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. "கொசுக்கடியில, வெறுந்தரையில கிடக்கணும். எந்தக் கையால இவ தலையப் பிடிச்சானோ, அந்தக் கையால கம்பியப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். அவன் அப்பன் கை எப்பிடின்னு எனக்குத் தெரியும். இது அதே கை."

"நீங்க வைத்தியம் கேக்கலம்மா. தண்டனை கேக்குறீங்க."

"ஆமா. ரெண்டும் உங்க கையிலதான இருக்கு."

டாக்டருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"கட்டில வச்சுக் கேஸ் எழுத மாட்டாங்கம்மா. காயத்த வச்சுத்தான் எழுதுவாங்க. வார்டுல படுத்தாலும், மூளையில ரத்தக்கசிவுன்னுதான் நான் எழுதுவேன். யார் வந்து சொன்னாலும் மாத்த மாட்டேன். ஆனா அடிச்சது யாருன்னு ஸ்கேன்ல தெரியாது. அத நீங்க சொல்லணும். கடைசி வரைக்கும் மாறாம சொல்லணும்."

செல்வம்மாள் அப்போதுதான் அவர் கையை விட்டாள்.

டயானாவை வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். போகிற வழியெல்லாம் அவள் முணுமுணுத்தாள். விழுந்துவிட்டேன் என்றே சொல்லிவிடலாம், அவர் கேட்டுக்கு வெளியே நிற்பார், பாவம், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டார் என்று.

"நீ வாயத் திறக்காத," என்றாள் செல்வம்மாள், போர்வையை இழுத்துவிட்டபடி. "திறந்தா, தலையோட சேத்து அதுக்கும் தையல் போடச் சொல்லிருவேன்."

வாக்குமூலம் எழுத ஏட்டு சுதாகர் வந்தார். இந்த மாதிரி எத்தனையோ பார்த்துச் சலித்த முகம். கேட்டதற்கெல்லாம் செல்வம்மாள் பிசிறில்லாமல் பதில் சொன்னாள். என்ன தகராறு, எந்தச் சுவர், அவன் குடித்திருந்தானா, தடுக்கப் போன தன்னையும் எப்படித் தள்ளிவிட்டான், எல்லாம். சுதாகர் பாதி எழுதினார். பிறகு பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

டயானாவைக் கட்டின ஜஸ்டின் ஆஸ்பத்திரி கேட்டருகில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுகிறானாம். பார்த்துவிட்டுத்தான் வருகிறாராம்.

"தேக்கோ அம்மா, இன்னிக்கு குஸ்ஸால, கோவத்துல பேசுறீங்க. பொண்ணப் பெத்த வயிறு, எனக்குப் புரியுது. நாளைக்கு அந்த ஜஸ்டினோட அம்மா வந்து உங்க கால்ல விழுந்து ஒப்பாரி வப்பா. ஒரே புள்ள, அவன் வாழ்க்கை போச்சுன்னு. உங்க மனசும் இளகிரும். சமஜோதா பண்ணிக்கிட்டு, சமாதானமாப் போயிருவீங்க. நான் எழுதுனதுதான் வீண். எத்தனை அம்மாவப் பாத்துட்டேன்."

செல்வம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். ஒரு நிமிஷம் ஜன்னல் வழியாகக் கேட் பக்கம் பார்த்தாள். பிறகு ஏட்டின் பக்கம் திரும்பினாள்.

"பேனாவ எடுங்க சார். ஜஸ்டினப் பெத்தவ நான்தான்."