இரண்டு நாள் இரவல்

மைக் கைக்கு வந்ததும், தன் மோட்டார் சைக்கிளை ஒரு கோழிக்கூண்டுக்கு அடியிலிருந்து மீட்ட கதையை வக்கீல் ஆரம்பித்தார்.

அவருக்கு முன்னால் பேசிய பல் டாக்டரும் கோழிக்கூண்டுக்கு அடியிலிருந்துதான் மீட்டிருந்தார்.

அவளுக்குக் கொட்டாவி வந்தது. இத்தனை பேர் வண்டி மேலும் ஒரே கோழிதான் அடைகாத்திருக்கும் போல.

வருடத்துக்கு ஒரு முறை இந்தக் கூத்து. மூடிக் கிடக்கும் மில்லின் முற்றத்தில் பழைய வண்டிகளை வரிசையாக நிறுத்துவார்கள். வண்டி தன்னிடம் வந்த கதையை ஒவ்வொருவராக எழுந்து அளப்பார்கள். பிறகு ஊர்வலம். பெண்டாட்டிமார் பிஸ்கட் தட்டை நீட்டிக்கொண்டு வாய் வலிக்கச் சிரிக்க வேண்டும். துடைத்துத் துடைத்தே வண்டிகளுக்கு வயது குறைந்திருந்தது. ஓட்டுகிறவர்களுக்குத் தொப்பைதான் கூடியிருந்தது.

இந்த வருடம் அவள் அப்பாவையும் கூட்டி வந்திருந்தாள்.

வரிசையில் முதலில் நின்ற கறுப்பு வண்டி அப்பாவுடையது. மரம் விழுந்து நசுங்கிக் கிடந்ததை இரும்பு விலைக்கு வாங்கி, லீவு நாளெல்லாம் உட்கார்ந்து நிமிர்த்தியது. கோழி ஒன்றும் கிடையாது. அப்பா லைன்மேன். மழையில் எங்கே கம்பி அறுந்தாலும் அந்த வண்டிதான் கிளம்பும்.

வீடு திரும்பும்போது தெருமுனையிலேயே, ஓடுகிற வண்டியில், டாங்கிக்கு அடியில் கைவிட்டு பெட்ரோல் குழாயை மூடிவிடுவார். உள்ளே தேங்கிய மிச்சத்தில் வண்டி ஓடி வந்து, சரியாக வாசலில் அணையும். ஒரு சாண் முன்னே பின்னே ஆகாது. டாங்கி மேல் உட்கார்ந்திருக்கும் சின்னப் பெண்ணான அவள் கைதட்டுவாள்.

கல்யாணமான புதிதில், "ரெண்டு நாள் ஓட்டிட்டுத் தரேன் மாமா" என்று மாப்பிள்ளை அதை எடுத்துப் போனார்.

பையன் இப்போது பத்தாவது படிக்கிறான். அந்த இரண்டு நாள் இன்னும் முடிந்தபாடில்லை.

ரிட்டயர் ஆகும்வரை அப்பா பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போனார். ஒரு தடவைகூட கேட்கவில்லை. மகள் வாழப் போன இடம், வாய் திறப்பாரா?

இன்று காலை இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்றார். பையிலிருந்து வண்டியின் இன்னொரு சாவியை எடுத்துக் காட்டினார். இத்தனை காலமும் அவரிடமே இருந்திருக்கிறது.

"'மாமனார் குடுத்தது'ன்னு நாலு பேர் முன்னாடி ஒரு வார்த்தை சொல்லட்டும்மா. இதையும் குடுத்துடறேன்."

அவளுக்குத் துளியும் நம்பிக்கையில்லை. அந்தச் சட்டையைப் பார்த்துவிட்டு அதைச் சொல்ல மனசு வரவில்லை.

புருஷன் மைக்கை வாங்கித் தொண்டையைச் செருமினார்.

மலையடிவாரத்தில் ஒரு பங்களாவாம். கொட்டுகிற மழையாம். நடையாய் நடந்தும் மசியாத ஒரு ராணுவ கர்னல், கடைசியில் கண்ணீரோடு சாவியைக் கையில் வைத்து, இது உன்னிடம்தான் இருக்க வேண்டும் என்றாராம்.

போன வருடம் அந்த ஆள் வெறும் கேப்டன். பிறக்காத மனிதருக்கு என்ன வேகமாகப் பதவி உயர்வு!

கூட்டம் கைதட்டியது. அப்பாவும் தட்டினார்.

அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

பெரியவர் யார் என்று வக்கீல் கேட்டார். புருஷன் முந்திக்கொண்டு, "தெரிஞ்சவர்" என்றார்.

தெரிந்தவராம்! அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பிஸ்கட் தட்டை அவர் தலையில் கவிழ்த்துவிடும் ஆத்திரத்தோடு எழுந்தாள். அப்பா அவள் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

"நீங்க வண்டி ஓட்டுவீங்களா ஐயா?" என்றார் வக்கீல்.

"எனக்கு என்னங்க தெரியும் வண்டியப் பத்தி?"

ஊர்வலம் கிளம்புகிற பரபரப்பு. போட்டோகிராபர் கேட்டுக்கு வெளியே, வளைவில் போய் நின்றுகொண்டான். அப்பா அவனையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கறுப்பு வண்டியிடம் போய், குனிந்து, கைக்குட்டையால் டாங்கியைத் துடைத்துவிட்டார். வக்கீலோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த புருஷன் திரும்பிப் பார்த்து, எடுபிடிக்கு ஆட்டுவது மாதிரி தலையை ஆட்டினார். அப்பா வந்து உட்கார்ந்து டீயைக் குடித்தார்.

முதல் வண்டி புருஷனுடையது. படபடவென்று கேட்டைத் தாண்டியது. வளைவு வந்ததும் காமிராவைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தினார்.

வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. சரியாக போட்டோகிராபர் எதிரில். ஒரு சாண் முன்னே பின்னே இல்லை.

உதைத்தார். உதைத்தார். சட்டை தொப்பலாக நனைகிறவரை உதைத்தார். பிளக்கைக் கழற்றி ஊதி மாட்டினார். பின்னால் நின்றவர்கள் ஹாரனை அழுத்தினார்கள். கர்னல் கொடுத்த வண்டி அசைந்து கொடுக்கவில்லை.

அதற்காக ஊர்வலத்தை விட்டுவிட முடியுமா? வண்டியை ஓரமாகத் தள்ளி நிறுத்திவிட்டு, வக்கீலின் பின் சீட்டில் தொற்றிக்கொண்டு போயே போய்விட்டார்.

புகை அடங்கியது. அப்பா டீக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். சின்னப் பிள்ளையைக் கூட்டிப் போவதுபோல அவள் கையைப் பிடித்துக்கொண்டு வளைவு வரை நடந்தார். அந்தக் கையில் பெட்ரோல் வாசனை அடித்தது.

டாங்கிக்கு அடியில் கைவிட்டு எதையோ திருப்பினார். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துப் போட்டார். ஒரே உதை.

"ஏறும்மா. ரெண்டு நாள் முடிஞ்சிடுச்சு."