நிலானியின் அழுகை

மணிக்கட்டுப் பட்டை அலறியது. "வெளிநாட்டு இதழுக்கு இம்மாதக் கட்டுரை போகவில்லை. இன்றைக்குள் அனுப்பாவிட்டால் நாளை கல்லூரிக் கதவு உங்களுக்குத் திறக்காது."

உதவிப் பேராசிரியர் இன்பசேகரன் அதை அழுத்தி அடக்கினான். போன மாதமும் இப்படித்தான் அலறியது. அன்று கட்டுரைக்காக, காய்ச்சலில் கிடந்த மகள் நிலானியின் அழுகையை ஒலிக் கருவி அளந்து முடிக்கும்வரை அவன் மருந்து கொடுக்கவில்லை. கட்டுரையை ஜெர்மனியில் பாராட்டினார்கள். அவனுக்குத்தான் அதன் பிறகு சோறு இறங்கவில்லை.

"வேலை போனா போகட்டுங்க. அவள விட்டுடுங்க" என்றாள் மனைவி மிருதுளா.

"கருவிய அன்னைக்கே உடைச்சுட்டேன் மிருது."

பட்டையின் அலறல் கேட்டு நிலானி மருந்து பாட்டிலோடு ஓடி வந்தாள். அவன் மடியில் ஏறி உட்கார்ந்தாள்.

"அப்பா, நான் நல்லா அழறேன். முடிஞ்சதும் இத உடனே குடுத்துடுவல்ல?"