நாக்குக்கு அடியில்

"உன் வீட்டுக்காரரைச் செவ்வாய்க்கிழமை பார்த்தேனே, கண்ணாடிக் கடை மாடியில!"

தையல்காரியின் கை நழுவி, பாதித் தைத்த பள்ளிச் சீருடையில் தையல் கோணிக்கொண்டது. வாசலில் எதிர்வீட்டு அக்கா. தெரு வைத்த பெயர் ரேடியோ. யார் வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும், அவர்கள் அடுப்பைத் துடைப்பதற்குள் செய்தி அடுத்த தெருவுக்குப் போய்விடும். மூன்று வருடமாக இருமல் வேறு. கைப்பையில் மருந்து பாட்டில் இல்லாமல் வாசற்படி தாண்ட மாட்டாள். 'ஸ்டேஷன் சரியாப் பிடிக்கல' என்று தெரு சிரிக்கும்.

"கண்ணாடி மாத்தப் போனாருக்கா."

"கண்ணாடிக் கடை கீழே. மாடியில குடியை நிறுத்துற கிளினிக்தானே இருக்கு?"

தையல்காரிக்கு அலுத்துப்போயிற்று. பத்து வருடம் புருஷன் குடித்ததை மறைத்தாள். இப்போது நாற்பது நாளாக அவன் குடிக்காமல் இருப்பதையும் மறைக்க வேண்டியிருக்கிறது. ஓட்டுவது ஸ்கூல் வேன்; சிகிச்சை என்று முதலாளி காதில் விழுந்தால் அன்றைக்கே சாவியைப் பிடுங்கிக்கொள்வார்.

"அக்கா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. பிழைப்பே போயிடும்."

"நான் ஏன் சொல்லப் போறேன்?"

சொல்வது யார் பாருங்கள்!

ரேடியோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "தினம் மாத்திரையை நீ பக்கத்துல நின்னு விழுங்க வைக்கணுமாமே?"

"ஆமா."

"நாக்கைத் தூக்கச் சொல்லிப் பாப்பியா?"

"பாக்காம? ஒரு நாள் நாக்குக்கு அடியில ஒளிச்சு வச்சு, கொல்லைப் பக்கம் போய்த் துப்பிட்டார். முழுங்கினதைப் பாத்துட்டு மஞ்சள் அட்டையில கையெழுத்துப் போடணும். கையெழுத்து இல்லேன்னா அடுத்த வார மாத்திரை தர மாட்டாங்க. போதுமாக்கா? செய்தி முடிஞ்சுதா?"

"கையெழுத்து வீட்டு ஆளுங்கதான் போடணுமா?"

"தெரிஞ்சவங்க யாரா இருந்தாலும் சரி. தினம் கண்ணால பாக்கணும், அவ்வளவுதான்."

"ரெண்டு நாள் விட்டுப்போனா திட்டுவாங்களா? எல்லார் எதிர்லயுமா?"

தையல்காரி கத்தரியை மேசையில் டக்கென்று வைத்தாள். "ஏன்க்கா, எங்களைப் பிரிச்சு மேயறதுக்கு வேற நாளே கிடைக்கலையா? நாளைக்கு அவர் வேனை எடுக்கும்போது தெருவே சிரிக்கணும், அதானே?"

ரேடியோ இருமவில்லை. கைப்பைக்குள் துழாவினாள். வழக்கமான பாட்டில்தான் வரப்போகிறது என்று தையல்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மேசைமேல் வந்து விழுந்தது ஒரு மஞ்சள் அட்டை. கையெழுத்துக் கட்டங்கள் அத்தனையும் காலி.

"செவ்வாய்க்கிழமை அவருக்குப் பின் பெஞ்சுல என் டோக்கனைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அந்த இருமல் மருந்து இல்லாம என்னால ஒரு மணி நேரம் தாங்க முடியலைடி... எங்க வீட்ல இன்னும் எனக்கு இருமல்னுதான் நினைச்சிட்டிருக்காங்க" என்றவள், பையிலிருந்து மாத்திரையை எடுத்துப் போட்டு விழுங்கி, தெருவே பயந்த அந்த வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினாள்.